எங்கள் முறை

கார்னிவல் விடுமுறை. நாலு நாள்.
எங்கும் போவதாக இல்லை நாங்கள்.
பெட்ரோல் பங்கின் பின்சுவரில் சாய்ந்து
ஒரே பாட்டிலைக் கைமாற்றிக்கொண்டிருந்தபோது
நவேல்தான் கேட்டான்:
"இங்கேர்ந்து கடல் எவ்வளவு தூரம்?"

மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம், சிலி.
முந்நூற்றி எழுபது கிலோமீட்டர் என்றாள் லுட்மிலா.
அவளுக்கு எல்லா ஊர்த் தூரமும் தெரியும்,
எந்த ஊருக்கும் போனதில்லை.

குடிக்காதவன் எசக்கியேல் மட்டும். கார் அவனுடையது.
பழைய ரெனோ; கதவை உள்ளேயிருந்து திறக்க
ஜன்னல் வழியாகக் கையை விட வேண்டும்.
ஒரு போர்வை, நாலு அடையாள அட்டை,
நால்வர் சம்பளத்தின் மிச்சம்,
கிட்டங்கியில் கூலிக்குப் பதிலாக
நவேலுக்குக் கொடுத்திருந்த ஒரு பெட்டி பீச் பழம்.
அதிகாலை நாலுக்குக் கிளம்பினோம்.

மென்டோசாவில் பிறந்தவர்களுக்கு
தண்ணீர் என்றால் தெருவோர வாய்க்கால்.
அதுவும் முறை வைத்துத்தான் வரும்.
செவ்வாய் ராத்திரி இரண்டு மணி எங்கள் வீட்டு முறை.
மடை திறக்க மறந்தால்
திராட்சைக்கொடி ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளும்.
அப்பா பொறுக்க மாட்டார்.
"செவ்வாய்க்குள்ள திரும்பிடணும்" என்றேன்.
யார் காதிலும் விழவில்லை.
மலை ஏற ஏற எல்லோருக்கும் காது அடைத்துக்கொண்டது.

சுரங்கச் சாலைக்கு முன்னால் வரிசை.
காலை எட்டுக்கு நின்ற கார்
பத்துக்கு ஒரு கார் நீளம் நகர்ந்தது.
நாடே கடல் பார்க்கக் கிளம்பியிருந்தது.
அப்போதுதான் லுட்மிலா பலகையைப் படித்தாள்:
பழம், தேன், விதை எதுவும் எல்லை தாண்டக் கூடாது.

பெட்டியைத் திறந்து எண்ணினோம். நாற்பத்து மூன்று.

எசக்கியேல் பதினொன்று தின்றான்,
பன்னிரண்டாவதைப் பார்த்து மன்னிப்புக் கேட்டான்.
முழங்கை வரை சாறு வழிய
கார் காராகப் போய்க் கண்ணாடியைத் தட்டினோம்.
பராகுவே லாரிக்காரர் மூன்று வாங்கிக்கொண்டு
மத்தேவுக்கு வெந்நீர் கொடுத்தார்.
நீல ஃபியட்டில் ஒரு சிறுவன்
கரடி முகமூடியைக் கழற்றாமல்
வாய் ஓட்டை வழியாகவே தின்று முடித்தான்.
அவன் அம்மா பேப்பர் நாப்கின் தந்தாள்,
பிறகு தன் விவாகரத்துக் கதையை, முழுசாக.
மதியத்துக்குள் அந்த வரிசையில்
எங்களைத் தெரியாதவர் இல்லை.

ஆறு மணிக்கு எங்கள் முறை.
மோப்ப நாய் வந்தது, சுற்றியது,
லுட்மிலாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டது.
அவள் பாக்கெட்டில் ஒரு கொட்டை.
"நட்டுப் பார்க்கலாமேன்னு..."
"எங்கே?"
"கடற்கரையில."
அதிகாரி அவளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார்,
கொட்டையை மஞ்சள் தொட்டியில் போட்டார்.
அபராதம் எழுதவில்லை.
நாய்க்கு மட்டும் ஒரு பிஸ்கட் கிடைத்தது.

கடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு பத்தரை.
மூடுபனி. கடல் தெரியவில்லை.
சத்தம் மட்டும், மிக அருகில்,
இருட்டில் யாரோ மேசை நாற்காலிகளை
இழுத்து இழுத்துப் போடுவதுபோல.

நவேல் செருப்போடு இறங்கினான்,
இரு கையால் அள்ளினான், குடித்தான், துப்பினான்.
"இவ்வளவுமா உப்பு?" என்றான்.
தெரியாததா? பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான்.
ஆனாலும் ஏமாற்றப்பட்டவன் குரல் அது.
நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.
மறுபடி அள்ளினான்.

மடை இல்லாத தண்ணீர்.
யாரும் அலாரம் வைக்காமல் வந்தது,
யார் பெயரும் எழுதாத நோட்டில்
யார் முறை என்று கேட்காமல்
என் முட்டிவரை ஏறி
ஜீன்ஸை நனைத்துவிட்டுப் போனது.

காரில் எசக்கியேல் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து
தூங்கிக்கொண்டிருந்தான்.
எழுப்பலாமா என்று நெடுநேரம் பேசினோம்.
காலையில் காட்டலாம் என்று விட்டோம்.
காலையிலும் பனி.
"இதுவா?" என்றான், வெள்ளையைப் பார்த்து.
"இதுதான்."
வெகுநேரம் நின்றிருந்தான்.
திரும்பும்போது பேச்சுக் கொடுத்தால் முறைத்தான்.

செவ்வாய் ராத்திரி இரண்டு மணி.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மடையைத் தூக்கினேன்.
சொன்ன நேரத்துக்கு வந்தது தண்ணீர்.
குனிந்து ஜீன்ஸ் மடிப்பைப் பிரித்தேன்,
ஒரு பிடி மணல் வாய்க்காலில் விழுந்தது.
பக்கத்துத் தோட்டத்துக்காரர் முறை
மூன்றரைக்கு.